அந்த எண் பொய் சொல்லவில்லை

மகனுக்கு,

சுகம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பதைப் போன சனிக்கிழமை என் காதாலேயே கேட்டுவிட்டேன். மாவட்டப் போட்டிக்கு நான் வந்தது உனக்குத் தெரியாது. உனக்குப் பிடித்த றால் பொரியலை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, அரிப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, மைதான வேலிக்கு வெளியே நின்றேன். "களைப்பு எல்லாம் மனசிலைதான்! கால் ஓடும், நீ ஓட விடு!" என்று நீ கத்தியது கடைசி மூலை வரைக்கும் கேட்டது. ஓடிக்கொண்டிருந்தது ஒரு பதினாறு வயதுப் பெண்பிள்ளை. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு டப்பாவைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை, கொண்டு வந்தது போலவே திருப்பிக் கொண்டுபோனேன். இதைப் போனில் சொல்லலாம்தான். நான் இரண்டாவது வசனத்தைத் தொடங்குமுன் "பிறகு கதைக்கிறன் அம்மா" என்று நீ வைத்துவிடுவாய். எட்டு வருடமாக நாம் அப்படித்தான் கதைக்கிறோம். அதில் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை என்பதை இதை வாசித்து முடிக்கும்போது நீயே அறிவாய். இது உனக்கு எழுதும் கடிதம், ஆனாலும் ஒளித்து வைக்கச் சொல்லமாட்டேன். பிள்ளையை ஓடவிட்டு வேலிக்கு வெளியே நின்று கைதட்டுகிற எந்தத் தாயும் தகப்பனும் இதை வாசிக்கலாம்.

அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் நீ பழக்குகிற கௌசலா. ஓட்டம் முடிந்ததும் நீ நேரம் குறித்த கடதாசியோடு நடுவர்களிடம் போய்விட்டாய். அவள் வேலியோர மர நிழலில் வந்து விழுந்தாள். உதடு வெளிறிப்போய், தண்ணீர்ப் போத்தலைத் திறக்கக்கூட விரலில் பலமில்லாமல் இருந்தாள். பக்கத்தில் இருந்து விசிறிய தாயிடம் நான்தான் போய்க் கதை கொடுத்தேன். மலைநாட்டிலிருந்து வந்து இலுப்பைக்கடவைப் பக்கம் குடியேறிய குடும்பம், அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள் என்று சொன்னாள். நான் உன் தாய் என்று தெரிந்ததும் எழும்பி நின்றுவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. "சாரோட அம்மாவா? சாமியப் பாத்த மாதிரி இருக்குங்க. நீங்க சொன்னா சாரு கேப்பாருங்கம்மா. புள்ள ராத்திரியில தூங்குறதில்ல. காலையில எந்திரிக்கையிலேயே கால் கனக்குதுங்குறா. ஒரு வாரம் லீவு குடுங்கன்னு கேட்டா, எல்லாம் மனசுதாம்மாங்குறாரு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். "நெஞ்சுல கட்டிப் பாக்குற பட்டி ஒன்னு, வெளிநாட்டுல இருக்குற யாரோ பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்காங்களாம். சாரு அத அலுமாரியில போட்டுப் பூட்டிட்டாரு. அந்த நம்பரு பொய் சொல்லும், அதுக்கு என் உடம்பே சாட்சின்னு புள்ளைங்ககிட்ட சொன்னாராம்."

அந்த வசனத்துக்குப் பிறகு, போன் நம்பரைத் தந்ததைத் தவிர, அந்தத் தாய் என்ன சொன்னாள் என்று எனக்கு ஞாபகமில்லை. பஸ்ஸில் வரும்போது முழுக்க என் காதில் அது மட்டும்தான் இருந்தது. நீ எந்த எண்ணைச் சொல்கிறாய் என்று உலகத்தில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. உனக்கே தெரியாது.

உனக்குப் பத்தொன்பது வயது நடந்தபோது கொழும்பிலிருந்த மாஸ்டர் உன்னைப் போன் வழியாகப் பழக்கத் தொடங்கினார். அவர் அனுப்பிய பட்டி நினைவிருக்கும். காலை ஐந்தேகாலுக்கு, நீ பாயைவிட்டு எழும்பமுதல், நான் அதை நனைத்து உன் நெஞ்சில் கட்டுவேன். நீ இரண்டு நிமிடம் அசையாமல் கிடப்பாய். என் போனில் ஒரு எண் விழும். அதைக் கொப்பியில் எழுதி மாஸ்டருக்கு அனுப்பிவிட்டு நான் நண்டுக் கம்பனிக்கு வெளிக்கிடுவேன். எண்ணை உன்னிடம் காட்டக்கூடாது என்பது மாஸ்டரின் கட்டளை. "பெடியன் பாத்தால் பயப்பிடுவான் அக்கா. பயத்திலை இன்னும் குறையும். நீங்கள் மட்டும் பாருங்கோ," என்றார். அவர் கெட்ட நினைப்பில் சொல்லவில்லை. ஆனால் ஒருவனுடைய இதயம் அவனைப் பற்றிச் சொல்வதை அவனுக்கு மறைத்து, அவனைப் பெற்றவளிடம் கொடுத்தது முதல் பிழை. பெற்றவள் எப்படிப்பட்டவள் என்று அவர் விசாரித்திருக்க வேண்டும்.

அந்த எண் என்ன என்று அவர் எனக்கு ஒரு முழு மத்தியானம் விளங்கப்படுத்தினார். இதயம் மணிக்கூடு போல அடிக்கும் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். நன்றாக ஓய்வெடுத்த உடம்பில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையிலுள்ள நேரம் சற்றுக் கூடும், சற்றுக் குறையும், மூச்சை இழுக்கும்போது ஒரு மாதிரி, விடும்போது ஒரு மாதிரி. அந்தக் கூடிக் குறைதல் எவ்வளவு என்பதுதான் எண். உடம்பு களைத்து, உள்ளுக்குள் எதையோ எதிர்த்து நிற்கும்போது, இதயம் விறைத்துப்போய் ஒரே சீராக அடிக்கும், எண் விழுந்துவிடும். "ஓடேக்கை உடம்பு பலப்படுறதில்லை அக்கா, உடையிறது. ஓடி முடிஞ்சு கிடக்கேக்கைதான் கட்டி எழுப்புது. அது கட்டி முடிஞ்சுதோ எண்டு எங்களுக்குச் சொல்லுறது இந்த எண்தான்," என்றார். ஒரு நாள் விழுந்தால் பயப்பட வேண்டாம், கிழமைக் கணக்காக இறங்கினால் நிறுத்த வேண்டும், மற்றவனுடைய எண்ணோடு ஒப்பிடக்கூடாது, அவனை அவனோடுதான் பார்க்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார். எல்லாம் எனக்கு விளங்கியது. விளங்காமல் செய்த பிழை என்று சொல்லித் தப்ப எனக்கு வழியே இல்லை.

உன் எண் எண்பதுக்குக் கிட்ட நின்றது. நல்ல இதயம் என்று மாஸ்டர் சொன்னபோது நானே அதைச் செய்து தந்தது போல எனக்குப் பெருமை. நீ தேசியத் தெரிவில் முதல் மூவருக்குள் வந்தால் விளையாட்டுக்காரர்களுக்கென்று இருக்கும் அரசாங்க வேலை கிடைக்கும் என்றார்கள். உன் அப்பாவைப் போல நீயும் விடியமுதல் வள்ளம் தள்ளவேண்டாம் என்பதுதான் என் ஒரே எண்ணம். அது தாய்க்குரிய ஆசைதான். ஆனால் அந்த ஆசைக்குள் இன்னொன்றும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். கம்பனியில் என்னோடு வரிசையில் இருந்து நண்டு உடைத்த பெண்கள் "உங்கடை மகன்தானே கொண்டச்சி வரைக்கும் ஓடிப்போட்டு வாறவர்?" என்று கேட்பார்கள். அதைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. கை முழுக்க ஓடு கிழித்த காயத்தோடு இருக்கிறவளுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு இனிக்கும் என்பது உனக்குத் தெரியாது.

தெரிவுப் போட்டி அந்த வருடம் உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த கிழமை வந்தது. தவக்காலம் தொடங்கமுதல் நான் அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். நீ தெரிவானால் போதும், அதற்காக நாற்பது நாளும் வீடு முழுக்க ஒருசந்தி, ஒரு நாளைக்கு ஒருவேளைச் சாப்பாடு, மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. என்னோடு நிறுத்தியிருக்கலாம். வீடு முழுக்க என்று சொன்னதுதான் என் வாய்க்கொழுப்பு. கடலுக்குப் போகிறவன் வீட்டில் மீன் வாசனையே இல்லாமல், நாள் முழுக்கப் பட்டினி கிடந்து, பின்னேரம் சோறும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு நீ அடுத்த நாள் ஓடினாய். "மாஸ்டர் நல்லாச் சாப்பிடச் சொன்னவர் அம்மா," என்று ஒரே ஒருமுறை கேட்டாய். "மாஸ்டரைவிட அந்தோனியார் பெரியவர்," என்றேன். வைத்த நேர்த்தியை வெளியே சொன்னால் பலிக்காது என்று எனக்குள் ஒரு பிடிவாதம். ஆகவே மாஸ்டர் "சாப்பாடு எப்பிடி?" என்று கேட்கும்போதெல்லாம் "குறையில்லை" என்று சொன்னேன். அவர் கோயிலுக்குப் போகிறவர் இல்லை, தவக்காலம் எப்போது வருகிறது என்றே அவருக்குத் தெரியாது. உழைக்கிறவர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஒருசந்தி கட்டாயமில்லை என்று சுவாமியார் பீடத்தில் நின்று சொன்னதையும் நான் கேட்டேன். அது மற்றவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது கிழமையில் எண் அறுபதுக்கு இறங்கியது. அந்த முறை உண்மையைத்தான் அனுப்பினேன். மாஸ்டர் இரண்டு நாள் ஓட வேண்டாம் என்றார். நீ விறாந்தையில் கிடந்து நித்திரை கொண்டாய், எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. போட்டிக்கு ஐந்து கிழமை இருக்கும்போது இவன் கிடக்கிறானே என்று பாத்திரங்களைப் போட்டு உடைத்தேன். ஓய்வில் பழைய அளவுக்கு ஏறிய எண் அடுத்த கிழமை மறுபடி விழுந்தது, ஐம்பத்துநான்கு. அதைப் பார்த்ததும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? இது சோதனை என்று நினைத்தேன். நேர்த்தி நடக்கிறது, உடம்பு ஒறுக்கப்படுகிறது, அதனால்தான் எண் இறங்குகிறது, இதைத் தாங்கிக்கொண்டால் பலன் வரும் என்று கணக்குப் போட்டேன். உன் உடம்பு உதவி கேட்டுக் கத்தியதை நான் அந்தோனியார் என் விசுவாசத்தை அளந்து பார்ப்பதாக எடுத்துக்கொண்டேன். அந்தப் பாவம் அவர் மேல் இல்லை, அவர் யாரையும் பட்டினி போடச் சொல்லவில்லை. முந்தைய நாள் எண்ணையே மாஸ்டருக்கு மறுபடி அனுப்பினேன். நேற்றைக்கு உண்மையாக இருந்த எண்தானே, இதில் பெரிய பொய் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அது பழகிவிட்டது. ஒவ்வொரு நாளும் ஒரே எண்ணை அனுப்பினால் பிடிபட்டுவிடும் என்று தெரிந்ததால் ஒரு நாள் எண்பத்தொன்று, ஒரு நாள் எழுபத்தாறு, ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு சற்றுக் கூட்டி, நீண்ட ஓட்டத்துக்கு அடுத்த நாள் சற்றுக் குறைத்து அனுப்பினேன். மாஸ்டர் சொல்லித்தந்த பாடத்தை வைத்தே மாஸ்டரை ஏமாற்றினேன். அவர் சந்தோஷப்பட்டார். "என்னக்கா, உடம்பு நல்லா ஏத்துக்கொள்ளுது. இன்னும் கொஞ்சம் கூட்டுவம்," என்றார். நான் பொய் எண்ணை அனுப்ப அனுப்ப, அவர் உன் ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனார். வேகப் பயிற்சி இரண்டு நாளிலிருந்து மூன்று நாளானது. கிழமை ஓட்டம் உன் வயதுப் பெடியன் தாங்கக்கூடிய எல்லையைத் தாண்டிப்போனது. நீ ஒரு சொல் முறைப்பாடு செய்யவில்லை. செய்திருந்தாலும் யாரிடம் செய்திருப்பாய், நான்தானே பக்கத்தில் நின்றேன்.

எண் இல்லாமலே எல்லாம் தெரிந்தது. குதிக்காலில் செருப்புக் கடித்த சின்னப் புண் மூன்று கிழமையாகியும் காயவில்லை. கட்டிலே வேண்டாம் என்று பாயில் படுத்தவன் பாயிலும் புரண்டுகொண்டு கிடந்தாய். சிரித்துப் பேசுகிற நீ, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால்கூட எரிந்து விழுந்தாய். உன் அப்பா அதிகம் கதைக்காதவர், அவரே ஒருநாள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார். "பெடியனை என்ன செய்யிறாய்? என்ரை இயந்திரத்தைக்கூட நான் இப்பிடி ஓட்டமாட்டன். ஞாயிற்றுக்கிழமையிலை வலையே காயுது, இவன் ஒரு நாள் கிடக்கக் கூடாதோ?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்களைப் போல வரக்கூடாது எண்டுதான் ஓடுறான்," என்றேன். முப்பது வருடம் எங்களுக்குச் சோறு போட்ட மனிதனைப் பார்த்துச் சொன்னேன். அவர் எழும்பி வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு உன் ஓட்டத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. வீட்டில் உனக்காகப் பேச இருந்த ஒரே வாயையும் நானே அடைத்தேன்.

போட்டி நாள் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், ஆகவே நீளமாக எழுதமாட்டேன். பத்தாயிரம் மீற்றர், இருபத்தைந்து சுற்று. கொழும்பில் தங்கிய வீட்டில் காலையில் பட்டியைக் கழற்றும்போது, முதல் தடவையாக நீ கேட்டாய், "இண்டைக்கு எப்பிடி அம்மா?" என்று. "நல்லா இருக்கு ராசா, போய் ஓடு," என்றேன். பன்னிரண்டாவது சுற்றில் முன்னணிக் கூட்டத்திலிருந்து கழன்றாய். பதினேழாவது சுற்று முடியும்போது ஓட்டம் நடையாகி, நடை நின்று, பாதையை விட்டுப் புல்லுக்குள் போய்த் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். யாரும் உன்னைத் தள்ளவில்லை, நீ தடுக்கி விழவும் இல்லை. பார்த்தவர்களுக்கு நீயாக விட்டது போலவே இருந்தது. மாஸ்டர் என்னிடம் வந்து, நீ கேட்கக்கூடிய தூரத்தில் நின்றுகொண்டு சொன்னார், "எண் நல்லாத்தானே அக்கா இருந்தது. அப்ப இது உடம்பு இல்லை. மனசிலை பலமில்லை." நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் போதும், ஒரே வசனம். திறக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் மதவாச்சி தாண்டும் வரைக்கும் நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாய், "எனக்கு ஏலாமல் போகேல்லை அம்மா. நான்தான் விட்டிட்டன். பயந்திட்டன் போலை." அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. "பரவாயில்லை மகன், அடுத்த வருசம் இருக்கு," என்று உன் தோளைத் தட்டினேன். நான் செய்த காரியங்களிலேயே மிகக் கேவலமானது அந்தத் தோள்தட்டுதான். ஒருவனை ஏமாற்றிவிட்டு அவனையே மன்னிக்கிற மாதிரி நடித்தேன். அடுத்த வருடம் வரவில்லை. படியேறினாலே மூச்சு வாங்கி, பத்து மாதம் உன்னால் சரியாக ஓட முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் "அளவுக்கு மிஞ்சின பயிற்சி" என்று சொன்னபோது நீ நம்பவில்லை. எண் நன்றாக இருந்ததே என்று அவரோடு வாதாடினாய். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். பிறகு சப்பாத்தைக் கட்டி, கூரைக்கடியில் இருக்கும் அட்டாளையில் போட்டுவிட்டுப் பயிற்சிக் கல்லூரிக்குப் போனாய்.

இதை ஒருவரிடமும் சொல்லவில்லை என்று இல்லை. அடுத்த தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சுவாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார், "மகனிட்டைச் சொன்னீங்களோ?" "இல்லை சுவாமி." "முதலிலை அங்கை போங்கோ," என்றார். நான் உன்னிடம் வரவில்லை. அடுத்த வருடத்திலிருந்து பாவசங்கீர்த்தனத்துக்கு வேறு ஊர்க் கோயிலுக்குப் போகத் தொடங்கினேன். அங்கே பொய் சொன்னேன் என்று மட்டும் பொதுவாகச் சொல்லி, மூன்று அருள் நிறைந்த மந்திரத்தோடு வீட்டுக்கு வந்தேன். நீ ஆசிரியராகி, சம்பளம் எடுத்து, அலுமாரி வாங்கித் தந்தபோது, எல்லாம் நல்லதுக்குத்தான் நடந்தது என்றுகூட நினைக்கத் துணிந்தேன். உன் குரலில் ஏன் சிரிப்பில்லை என்று நான் கேட்கவில்லை. காரணம் தெரிந்தவள் எப்படிக் கேட்பாள்?

இப்போது உன்னைப் பற்றியும் சொல்லவேண்டும், கோபிக்காதே. கோபித்தாலும் சொல்வேன். உன்னை உன் மனம்தான் தோற்கடித்தது என்று நம்பிக்கொண்டு, அந்த மனத்தைப் பிள்ளைகளிடம் தேடி அடிக்கிறாய். உன்னிடம் ஒரு பிள்ளை களைப்பு என்று வந்தால், புல்லில் உட்கார்ந்த அந்தப் பெடியனைத்தான் பார்க்கிறாய், அவன்மேல் உள்ள வெறுப்பை இவள்மேல் கொட்டுகிறாய். கௌசலாவுக்கு ஞாயிறு ஓய்வு கொடுத்திருப்பதாக நினைக்கிறாய். அந்த ஞாயிறுகளில் அவள் தாயோடு கச்சான் பிடுங்க, நிலக்கடலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறாள், தாயே போனில் எனக்குச் சொன்னாள். சொன்னால் சாருக்குக் கோபம் வரும் என்று உன்னிடம் மறைக்கிறார்கள். பகலில் வெயிலில் குனிந்து நின்ற உடம்பு திங்கள் காலையில் உன் விசிலுக்கு ஓடுகிறது. அந்தப் பட்டியைக் கட்டியிருந்தால் திங்கள் காலை எண் உனக்கு அதைச் சொல்லியிருக்கும். ஏன் என்று சொல்லாது, போய்க் கேள் என்று மட்டும் சொல்லும். கேட்டிருந்தால் அந்தத் தாய் சொல்லியிருப்பாள். பட்டி பெரிய சாமி இல்லை, அதுவும் பிழைக்கலாம். ஆனால் எந்த எண்ணும் தன்னை மாற்றி எழுதாது மகன். மாற்றி எழுதினவள் நான்.

நேற்றுப் பின்னேரம் இதுவரை எழுதியதை அந்தத் தாய்க்குப் போனில் வாசித்துக் காட்டினேன். உனக்கு முன்னால் அவளுக்குச் சொன்னது பிழையாக இருக்கலாம். மாகாணப் போட்டி அடுத்த மாதம், தபால் உன்னிடம் வந்து சேர்ந்து உன் கோபம் ஆறும்வரை அந்தப் பிள்ளையின் உடம்பு காத்திருக்காது. திங்கட்கிழமை அவளை ஓட்டத்துக்கு அனுப்ப வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். அதற்காக நீ அந்தக் குடும்பத்தோடு முகம் திருப்பாதே, திருப்புவதென்றால் என்னோடு திருப்பு. வாசித்து முடித்ததும், "நீங்க அப்புடிப் பண்ணியிருக்கக் கூடாதுங்கம்மா," என்றாள். எட்டு வருடமாக நான் எதிர்பார்த்திருந்த வசனம் அது, உன் வாயிலிருந்து வரும் என்று நினைத்திருந்தேன். "சாரு அந்தப் பட்டியக் குடுத்தா, காலையில நானே நம்பரப் பாத்து எழுதி வைக்கட்டுங்களா?" என்று கேட்டாள். நல்ல மனுசி, என்னைவிட எவ்வளவோ நல்ல மனுசி. ஆனாலும், "வேண்டாம். நீங்கள் எழுதாதேங்கோ, சாரும் எழுத வேண்டாம். பிள்ளையே பாத்து எழுதட்டும். பிள்ளையின்ரை நெஞ்சு, பிள்ளைதான் முதல் பாக்க வேணும்," என்றேன்.

அவளுக்குச் சொன்ன பிறகு உனக்கு மறைக்க முடியாது. போட்டி அன்று காலை நான் மாஸ்டருக்கு அனுப்பியது எழுபத்தொன்பது. போனில் விழுந்தது முப்பத்தொன்று. நீ கேட்டபோது அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் நல்லா இருக்கு என்று சொன்னேன். அந்த முப்பத்தொன்றோடு, நாற்பது நாள் பட்டினியோடு, ஒரு சுற்றுக்கூட ஓடக்கூடாத உடம்போடு, நீ பதினேழு சுற்று ஓடினாய். நீ விடவில்லை மகன். நீ பயப்படவும் இல்லை. அந்த மைதானத்தில் பயந்து வாயை மூடிக்கொண்டு இருந்தவள் நான் ஒருத்திதான்.

அம்மா